நாற்பத்தெட்டு வினாடிக் கதைக்காரர்

அவர் எழுதிய மாயாஜால நாவல்கள் மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றும் தலையணை கனம். அத்தனையிலும் ஏழு உலகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஓர் உலகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரும்புக் கம்பிக் கதவு இருக்கும். ஒவ்வொரு அத்தியாயமும், ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று முடிந்துவிடும். படித்த பிள்ளைகள் இதையெல்லாம் ஆராய்ந்து பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஏழு உலகம் என்பது மனித மனத்தின் ஏழு நிலை என்று ஒரு பிள்ளை நூற்றிருபது பக்கம் எழுதிக் கொண்டுவந்து காட்டியது. அதன் மனம் நோக வேண்டாம் என்று அவரும் தலையாட்டி வைத்தார். உண்மை என்னவென்றால், அது ஏழு மாடிக் கட்டடம். அதில் அவர் பதினோரு வருஷம் லிஃப்ட் ஓட்டினார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். அதற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. படித்தவர்கள் எத்தனையோ பேர் அவருடைய லிஃப்டில் ஏறி இறங்கினார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பத்தொன்பது நாவல் எழுதவில்லை. முதலில் சோடா ஃபேக்டரியில் பாட்டில் கழுவினார். பிறகு இதே கட்டடம் எழும்பியபோது செங்கல் சுமந்தார். ஏழாவது மாடிவரை தலையில் கல்லேற்றிய ஆள் பிற்பாடு அதே மாடிக்கு முக்காலியில் உட்கார்ந்தபடி போனார் என்றால், அது யாரும் தூக்கிக் கொடுத்த பதவி இல்லை.

அந்த லிஃப்டும் இப்போது இருப்பதுபோல் பட்டனைத் தொட்டால் போகிற பொம்மை அல்ல. மரக்கூண்டு, மடக்குக் கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் மேலே, வலப்பக்கம் தள்ளினால் கீழே. போவதற்கு வித்தை வேண்டாம், நிறுத்துவதற்குத்தான் வித்தை வேண்டும். கொஞ்சம் முந்தினால் பள்ளம், பிந்தினால் மேடு. இறங்குகிறவர் தடுக்கி விழுந்து மூக்கு உடையும். இவர் நிறுத்தினால் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே பாயை விரித்த மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டும் நிறுத்தியிருக்கிறார். பயணிகளிடம் மட்டும் அதைச் சொன்னதில்லை.

இத்தனை திறமை இருந்தும் ஒரு குறை. லிஃப்டைவிட்டு அவர் நகர முடியாது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கிற நேரத்துக்கு மூன்றடி அகலம் தெரியும், அவ்வளவுதான். முதல் மாடியில் கறுப்பு அங்கி மாட்டிய வக்கீல்கள். இரண்டாவது மாடி பல் டாக்டர். அங்கே ஏறுகிறவர்களுக்கு ஒரு கன்னம் மட்டும் பூசணிக்காய் போல இருக்கும். மூன்றாவதில் டைப்ரைட்டர்களின் கொத்தல். நாலாவதில் இன்ஷூரன்ஸ்காரர்கள், நாம் எந்த வயதில் சாவோம் என்று கணக்குப் போடுகிறவர்கள். அந்த மூன்றடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததை அவரே இட்டு நிரப்பிக்கொண்டார். முதல் உலகத்தில் வௌவால் மனிதர்கள், இரண்டாம் உலகத்தில் ஒற்றைக் கன்ன அரக்கர்கள், மூன்றாவதில் அலகால் பேசும் மரங்கொத்திக் குலம், நாலாவதில் பிறந்த குழந்தையின் காதில் சாகும் தேதியைச் சொல்லிவிட்டுப் போகிற கிழவர்கள். இதற்கு மேல் கற்பனை என்று தனியாக ஒன்று அவருக்குத் தேவைப்படவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை, காதில் விழுந்த பேச்சு. லிஃப்டில் யாரும் ஒரு பேச்சைத் தொடங்கி முடிப்பதில்லை. பாதியில் ஏறுவார்கள், பாதியில் இறங்குவார்கள். ஒருநாள் ஒரு வக்கீல், "கல்யாணத்தன்னைக்குக் காலையில எழுந்து பார்த்தா, மாப்பிள்ளையைக் காணோம். அவனோட செருப்புல ஒண்ணு மட்டும் வாசல்ல கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே தரைத்தளத்தில் இறங்கிப் போய்விட்டார். அன்றைக்குச் சாயந்திரம் லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த மாப்பிள்ளை என்னதான் ஆயிருப்பான்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"என்னைக் கேட்டா? ஒத்தைச் செருப்போட ஒருத்தன் எவ்வளவு தூரம் போக முடியும்னு யோசிங்க. அதுக்குள்ளதான் இருப்பான்" என்றாள் அவள், தட்டைக் கழுவிக்கொண்டே.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மறுநாள் முதல் பாதியில் அறுந்த பேச்சுக்கெல்லாம் அவர் வால் ஒட்டத் தொடங்கினார். வால் வளர்ந்து வளர்ந்து, உடம்பைவிடப் பெரிதாகிவிட்டது. அப்படித்தான் அந்தக் கொத்தனார் கதை பிறந்தது. ஒரு கொத்தனாருடைய சுத்தியலின் சத்தம் திருட்டுப் போய்விடுகிறது. அடிக்கிறான், கல் உடைகிறது, சத்தம் மட்டும் இல்லை. அதைத் தேடி ஒவ்வோர் உலகமாக ஏறுகிறான். இந்தக் கதை அச்சில் வர வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. ஆசைக்கு வழியும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. ஆறாவது மாடியில் ஒரு வாரப்பத்திரிகை. அதன் ஆசிரியர் தினமும் காலை பத்து மணிக்கு இவருடைய லிஃப்டில்தான் ஏறுவார். வலப்பக்க மூலையில், கைப்பிடிக்குப் பக்கத்தில், முகத்தைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பார். வணக்கம் சொன்னால்கூடத் திரும்ப மாட்டார்.

நேரே கேட்கலாமே என்று கேட்பீர்கள். நாமாகப் போய்க் கேட்டால் அது யாசகம். அவராகக் கேட்டால் அது மரியாதை. அவராகக் கேட்க வைக்க வேண்டும். அதற்கு லிஃப்ட்காரர் தன் மச்சினனைப் பிடித்தார். மனைவியின் தம்பியான அவன் அதே கட்டடத்தில் தண்ணீர் பம்ப் பார்க்கிறவன்.

"காலையில பத்து மணிக்கு லிஃப்டுல வந்து நில்லு. நான் உனக்குக் கதை சொல்ற மாதிரி சொல்வேன். அவர் காதுல விழணும்."

"பத்து மணிக்கு நான் பம்ப் போடணும் மாமா."

"தண்ணி எங்கேயும் ஓடிப் போயிடாது. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். 'ம்' கொட்டினா போதும்."

"எத்தனை 'ம்'?"

"வாக்கியத்துக்கு ஒண்ணு."

வழியில் எங்கும் நிற்காவிட்டால் ஆறாவது மாடிக்குப் போய்ச் சேர நாற்பத்தெட்டு வினாடி. தினமும் நாற்பத்தெட்டு வினாடிக் கதை. அதையும் சரியாக, கத்தி கழுத்துக்கு வந்த இடத்தில் நிறுத்திக் கதவைத் திறப்பார். கைப்பிடியை நிறுத்தத் தெரிந்தவனுக்குக் கதையை நிறுத்துவது பெரிய காரியமா? முதல் நாள், ஆசிரியர் இறங்கிப் போனார். பத்தாம் நாளும் இறங்கிப் போனார். இருபதாம் நாள் கொத்தனார் ஒற்றைக் கன்ன அரக்கியின் வாய்க்குள் நின்றுகொண்டிருந்தபோதும், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"மாமா, அவர் கல்லு. நான் பம்புக்குப் போறேன்" என்றான் மச்சினன்.

"கல்லுன்னா என்ன? நான் செங்கல்லே சுமந்தவன்."

ஆனால் வலை விரித்தது ஒரு மீனுக்கு. விழுந்தது வேறு மீன்கள். நாலாவது மாடி இன்ஷூரன்ஸ் குமாஸ்தாக்கள் நாலில் இறங்காமல் ஆறுவரை வந்து, படியில் இரண்டு மாடி நடந்து இறங்கினார்கள். மூன்றாவது மாடி டைப்பிஸ்ட் அம்மாக்கள் மூன்று மாடி இறங்கினார்கள். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தார்கள். பத்து மணி லிஃப்டுக்கு ஒன்பதே முக்காலுக்கே கூட்டம் நின்றது. மச்சினனுக்கு விடுதலை கிடைத்தது. 'ம்' கொட்ட இப்போது பத்துப் பேர் இருந்தார்கள்.

கட்டட மானேஜர் இதைக் கவனித்துவிட்டார். அவர் லிஃப்டுக்குள் மாட்டியிருந்த பலகையை விரலால் தட்டிக் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கு? படி."

"எட்டுப் பேர் மட்டும்."

"ஒன்பதாவது ஆள் ஏறினதை இன்னொரு தடவை பார்த்தேன்னா, அன்னைக்கோட உன் வேலை போச்சு. உன் மச்சினன் வேலையும் சேர்த்து."

அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. மச்சினன் வேலையும் போனால், மனைவியே இவரை அடுப்பில் வைத்துவிடுவாள். ஆகவே நாற்பத்திரண்டாம் நாள் காலையில் கூட்டத்தைப் பார்த்து, எட்டுப் பேருக்கு மேல் கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"நேத்து ராஜா அரண்மனைக் கதவைத் தட்டிட்டான். உள்ளே யாருன்னு தெரியாம நான் எப்படி உட்கார்ந்து டைப் அடிக்கறது?" என்றார் ஒரு டைப்பிஸ்ட் அம்மா.

"தட்டினது கொத்தனார்மா. ராஜா உள்ளே இருக்கறவர்" என்றார் ஒரு குமாஸ்தா.

"பார்த்தீங்களா, எனக்கு அதுகூடப் புரியலை. நான் வந்தே ஆகணும்."

அவர்கள் ஏறினார்கள். தன் கதைக்காக அடித்துக்கொள்கிற கூட்டத்தைக் கீழே தள்ள எந்தக் கதைக்காரனுக்கு மனம் வரும்? ஆசிரியரோடு சேர்த்துப் பதினாலு பேர். அவருக்கு வழக்கமான மூலை கிடைக்கவில்லை. கூட்டம் நெருக்கியதில் ஒரு சுற்றுச் சுற்றி, கதவுக்கு முதுகைக் காட்டியபடி, கைப்பிடிமேல் சாய்ந்துவிடாமல் நின்றார்.

லிஃப்ட் நாலைத் தாண்டியது. ஐந்தைத் தொடுவதற்குள் மேலே மோட்டார் அறையில் 'டப்' என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. கூண்டு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஐந்தாவது மாடியின் தரை அவர்களுடைய நெற்றி உயரத்தில் இருந்தது. கம்பிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி. அதில் முதலில் வெளிச்சமும், பிறகு மானேஜருடைய இரண்டு ஷூக்களும் தெரிந்தன.

"எத்தனை பேர் உள்ளே?" என்று ஷூக்களுக்கு மேலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"நான் எண்ணிக்கறேன். ஃப்யூஸ் போயிருக்கு. உன் மச்சினன் மேலே நிக்கறான். மோட்டார் ரூம் பூட்டியிருக்காம். சாவி யார்கிட்ட?"

லிஃப்ட்காரர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். மோட்டாரைத் தன் கையைத் தவிர இன்னொரு கை தொடக் கூடாது என்று, இருந்த ஒரே சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டி வைத்திருந்தவர் அவர்தான்.

"என்கிட்டதான் சார்."

பதினாலு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் சாவியை அவிழ்த்து, குறிபார்த்து, இடைவெளி வழியாக மேலே வீசினார். சாவி சரியாகப் போய் மானேஜர் ஷூவில் பட்டு, வந்த வழியே திரும்பி, லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அடியில் குழியிலிருந்து 'ணங்' என்றது.

"பூட்டை உடைக்கச் சொல்றேன்" என்றார் மானேஜர். "உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்."

பூட்டை உடைக்க நாற்பது நிமிஷம் ஆனது. கடை கடையாக ஏறி இறங்கி அந்தப் பூட்டைத் தேர்ந்தெடுத்து வந்தவரும் லிஃப்ட்காரர்தான். நல்ல பூட்டு.

உள்ளே முதலில் ஒரே முனகல். பிறகு ஒரு குமாஸ்தா, "அண்ணே, சும்மாதானே நிக்கறோம். நீங்க சொல்லுங்க" என்றார். லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். அரண்மனைக்குள்ளே கொத்தனார் போகிறான். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். ராஜாவின் நெஞ்சுக்குள்ளிருந்து அவனுடைய சுத்தியல் சத்தம் கேட்கிறது. என்றைக்கோ நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக ராஜா அந்தச் சத்தத்தைத் திருடி நெஞ்சில் வைத்திருக்கிறார். கொத்தனார் அதைத் திருப்பி எடுத்தால் ராஜா செத்துப் போவார். எடுக்காவிட்டால் இவன் பிழைப்பு போயிற்று. கொத்தனார் கையை நீட்டினான். அத்துடன் நிறுத்தினார்.

"ம், மேலே" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"அவ்வளவுதான்மா."

"எவ்வளவுதான்?"

"இன்னைக்கு அவ்வளவுதான். இந்நேரம் ஆறாவது மாடி வந்திருக்கணும்."

"வரலையே."

வரவில்லைதான். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கையில் ஒரு கூட்டம், நகர முடியாத கூட்டம், நாற்பது நிமிஷ நேரம். அவரிடம் இருந்ததோ நாற்பத்தெட்டு வினாடிச் சரக்கு. அதற்குமேல் அவர் ஒருநாளும் முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை. வியர்வை காதோரம் இறங்கியது. அப்போது அவருடைய வாய்க்கு ஒரு சாண் தள்ளி ஒரு குரல் கேட்டது.

"யாரு இந்தக் கொத்தனார்?"

ஆசிரியர். நாற்பத்திரண்டு நாள் காத்திருந்த வாய் அது. 'அப்புறம்?' என்று கேட்கும் என்று இவர் தவம் கிடந்தார். அது ஆரம்பத்தைக் கேட்டது.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? தினமும் உங்க பக்கத்துலதானே சொல்றார்" என்றார் குமாஸ்தா.

"எனக்கு இடது காது பத்து வருஷமாக் கேக்காது" என்றார் ஆசிரியர். "நான் எப்பவும் நிக்கற மூலையில இவர் பக்கம் இருக்கறது அந்தக் காதுதான். இன்னைக்கு நீங்க எல்லாரும் இடிச்சுத் திருப்பி விட்டீங்க. செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்வாங்களே, இத்தனை நாளா ஊதியிருக்கீங்க. பரவாயில்லை, இந்தக் காது நல்லாக் கேக்கும். முதல்ல இருந்து சொல்லுங்க."

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் பன்னிரண்டு வாய்கள் திறந்துவிட்டன. குமாஸ்தா வௌவால் மனிதர்களைச் சொன்னார். அது தப்பு, அவர்கள் தலைகீழாகத் தொங்கியபடிதான் வழக்காடுவார்கள் என்று இன்னொருவர் திருத்தினார். ஒற்றைக் கன்ன அரக்கியைப் பற்றிச் சொல்ல வந்த பல்வலிக்காரருக்கு வாய் திறக்க முடியவில்லை. ஆனால் அவரைப் பார்த்ததுமே ஆசிரியருக்கு விளங்கிவிட்டது. மரங்கொத்திக் குலத்தைப் பற்றி டைப்பிஸ்ட் அம்மா சொன்னதில் பாதி இவர் சொன்னதே இல்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு தன் கதையைத் தானே கேட்டார். கல்யாண வீட்டில் தன் வீட்டுப் பாத்திரத்தில் அடுத்தவர் பரிமாறுவதைப் பார்க்கிறவர் மாதிரி, ஒரு பெருமையும் ஒரு பதைப்பும்.

"சரி, முடிவு என்ன? சத்தத்தை எடுக்கறானா, இல்லையா?" என்று கடைசியில் ஆசிரியர் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

"தெரியாது சார். நாளைக்குக் காலையில லிஃப்ட் கிளம்பினாத்தான் எனக்கே தெரியும்."

ஆசிரியர் முதல்முறையாகச் சிரித்தார். "தொடர்கதை எழுதறவன் எல்லாரும் இதைத்தான் மனசுல வெச்சிருப்பான். வெளியில சொன்ன ஆள் நீங்கதான்."

பூட்டு உடைந்தது. மச்சினன் மோட்டாரின் கைச்சக்கரத்தைச் சுற்றச் சுற்றக் கூண்டு அங்குலம் அங்குலமாக ஏறி ஐந்தாவது மாடிக்கு வந்தது. மானேஜர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி இறக்கினார். பதினாலாவது தலை ஆசிரியருடையது. லிஃப்ட்காரரை அவர் எண்ணவே இல்லை. நேரே அதே மாடியில் இருந்த தன் அறைக்கு அழைத்துப் போனார். ஆசிரியரும் கூடவே போனார்.

"சாவியைக் கொடுத்துட்டுப் போன்னு சொல்லலாம்னா, சாவியும் குழியில கிடக்கு" என்றார் மானேஜர். "நாளையிலேர்ந்து வராதே."

"இவர் போனா நாலாவது மாடியில பாதிப் பேர் மனு எழுதிக் கொண்டுவருவாங்க" என்றார் ஆசிரியர். "அதுல முதல் கையெழுத்து என்னோடது. கூட்டம் ஏன் சேர்ந்தது? இவர் பேசறதுனால. பேசலைன்னா?"

மானேஜர் யோசித்தார். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்வாங்க. உனக்கு மட்டும் வாயை மூடினாத்தான் பிழைப்பு. லிஃப்டுக்குள்ள ஒரு வார்த்தை பேசினேன்னு கேள்விப்பட்டாலும் உன் வேலையும் போகும், உன் மச்சினன் வேலையும் போகும். ஒத்துக்கறியா?"

இவர் வாயைத் திறந்தார்.

"தலையை ஆட்டு போதும்" என்றார் மானேஜர்.

அறைக்கு வெளியே வந்ததும் ஆசிரியர் சொன்னார்: "பேசத்தானே கூடாதுன்னார். எழுதக் கூடாதுன்னு சொல்லலையே. வாரா வாரம் வெள்ளிக்கிழமை கொடுங்க. நான் போடறேன்."

கேட்டுவிட்டார். அவராகவே கேட்டுவிட்டார். லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போய் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஒரு வரி வரவில்லை. நாற்காலி நகரவில்லை, நகராத இடத்தில் அவருக்குக் கதை எப்படி வரும்? மனைவி பார்த்துவிட்டு, "எழுதறவங்க யாரும் பேனாவை இடதுபக்கம் தள்ளிக்கிட்டே இருக்க மாட்டாங்க" என்றாள். மறுநாள் பழைய காலண்டர் தாள்களை, முதுகில் எழுதலாம் என்று கிழித்து எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கே போனார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை தாளில். பத்திரிகையில் பிழை திருத்துகிறவர் பக்கத்துக்கு இருபது பிழை என்று தலையில் அடித்துக்கொண்டார். "பிழையைத் திருத்து, கொத்தனாரைத் தொடாதே" என்றார் ஆசிரியர். அன்றைக்கு லிஃப்டில் எழுதப் பழகிய கைதான் பிற்பாடு பத்தொன்பது நாவல் எழுதியது. படித்த பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லலாம். யாரும் இதைக் கேட்பதில்லை.

பேசாமல் நிற்பதைப் போலக் கொடுமை உலகத்தில் இல்லை. அச்சில் கதை ஐந்தாம் உலகத்துக்கு வந்து, கொத்தனார் கையை நீட்டிய வாரம், லிஃப்டில் எட்டே பேர். எட்டுப் பேர் கையிலும் பத்திரிகை. சத்தத்தை எடுத்துவிடட்டும், ராஜா திருடன்தானே என்றார் ஒருவர். ராஜாவுக்குப் பிள்ளைகுட்டி இருக்கும் என்றார் டைப்பிஸ்ட் அம்மா. இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினார். அவருக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒருநாள்தான் பாக்கி.

எட்டாவது ஆள் மானேஜர். பத்திரிகையை இரண்டாக மடித்து, விரலை வரிமேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது மாடி வந்தது. கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை.

"இதுல என்ன பெரிய குழப்பம்?" என்றார், பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்து. "சத்தத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு, கொத்தனாரையே ராஜா வேலைக்கு வெச்சுக்க வேண்டியதுதானே. பக்கத்துல உட்கார்ந்து அவன் தட்டிக்கிட்டே இருக்கட்டும், இவர் நெஞ்சு ஓடிக்கிட்டே இருக்கட்டும். நிரந்தர வேலை."

"பென்ஷன் உண்டா சார்?" என்றார் இன்ஷூரன்ஸ் குமாஸ்தா.

"ராஜா உயிரோட இருக்கற வரைக்கும் இவனை அனுப்ப முடியாதே. அதைவிடப் பென்ஷன் வேறென்ன?" மானேஜர் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். "என்னய்யா, நான் சொல்றது சரிதானே?"

லிஃப்ட்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் நின்றார்.

அன்று மத்தியானமே, தரைத்தளத்துக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே பதினெட்டு முறை போய்வருவதற்குள், ஒரு வார்த்தை விடாமல் அதை எழுதி முடித்தார். அடுத்த வாரம் அச்சாகி வந்தது. கட்டடமே கொண்டாடியது. மானேஜர் மட்டும் ஒரு மாதம், ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம், "நான் சொன்னது, நான் சொன்னது" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. அன்றைக்குக் கூடவே லிஃப்டில் இருந்தவர்கள்கூட, லிஃப்ட்காரர் எழுதி வைத்திருந்த தாளை எட்டிப் பார்த்துத்தான் அவர் சொன்னார் என்றார்கள். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு லிஃப்டுக்குள் பேச அனுமதி இல்லை.